நகலெடுக்கும் கூலி: லினக்ஸ் உரிம மாற்றமும் அது தமிழ்நாட்டுக்கு வந்த வழியும்

லினக்ஸ் இயங்குதளத்தின் வரலாற்றை எழுதுவோர் 1991 ஆகஸ்ட் 25இல் தொடங்குவது வழக்கம். ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதைச் சக நிரலர்களுக்கு அறிவித்த நாள் அது. அப்போது அவருக்கு வயது 21. அந்த நாளின் சிறப்பை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பல்கலைக்கழக வலையமைப்புகளுக்குள் இருந்த அந்த நிரல், இணையம் எட்டாத ஊர்களுக்கு எப்படி வந்தது என்று தேடிப் போனால், ஐந்து மாதம் கழித்து அவர் எடுத்த இன்னொரு முடிவே கூடுதல் கனமுள்ளதாகத் தெரிகிறது.

1991 தொடக்கத்தில் டோர்வால்ட்ஸ் தவணைக் கடனில் ஒரு 386 கணினி வாங்கினார். அதன் நினைவகம் 4 எம்பி. ஆண்ட்ரூ டேனன்பாம் மாணவர்களுக்காக 1987இல் வெளியிட்ட மினிக்ஸ் இயங்குதளத்தை அதில் நிறுவினார். பல்கலைக்கழகக் கணினியுடன் தொடர்புகொள்ள எழுதிய சிறு நிரல்தான் வளர்ந்து வளர்ந்து இயங்குதளமாயிற்று. செப்டம்பரில் 0.01 பதிப்பு வந்தபோது அதில் இருந்தவை ஏறத்தாழ 10,000 வரிகள். அதைத் தொகுத்து இயக்க மினிக்ஸ் கையில் இருந்தாக வேண்டும். அத்தனை அரைகுறையாக இருந்தும் அதை அவர் பிறர் கையில் கொடுத்தார். பணம் அனுப்பட்டுமா என்று கேட்டவர்களிடம், உங்கள் ஊரிலிருந்து ஓர் அஞ்சலட்டை போதும் என்றார். ஜெர்மனியில் 2 எம்பி நினைவகம் மட்டுமே வைத்திருந்த ஒருவரால் நிரலைத் தொகுக்க முடியவில்லை. அவருக்காகவே, நினைவகம் போதாதபோது வட்டைத் துணைக்கு எடுத்துக்கொள்ளும் வசதியை அந்த ஆண்டு இறுதியில் எழுதிச் சேர்த்தார். பகிர்ந்ததன் பயன் அவருக்கே திரும்பிவந்தது இப்படித்தான். தம்மிடம் இல்லாத குறையை அவர் தாமாகக் கண்டிருக்க முடியாது.

முதல் உரிமத்தில் ஒரு கடுமையான விதி இருந்தது. மூலநிரலை முழுதாகத் தர வேண்டும். காசு எதுவும் வாங்கக் கூடாது, நகலெடுக்கும் செலவுக்குக்கூட. எண்ணம் தூயது. ஆனால் நடைமுறையில் அது பரவலுக்குக் குறுக்கே நின்றது. பயனர் குழுக்களின் கூட்டங்களில் பிளாப்பியில் நகலெடுத்துத் தர முன்வந்தவர்கள், வட்டின் விலையையும் தம் நேரத்தையும் ஈடுகட்ட வழியின்றித் தவித்தனர்.

இந்தச் சிக்கல் பின்னலாடைத் தொழில் செய்யும் திருப்பூர்க்காரருக்குச் சொல்லாமலே விளங்கும். அங்கே நூல் ஒரு பட்டறையில் துணியாகிறது. டையிங், காம்பாக்டிங், கட்டிங், பவர்டேபிள், செக்கிங் எனத் துணி கைமாறிக்கொண்டே போகிறது. சாயப்பட்டறைக்காரர் துணிக்குச் சொந்தக்காரர் அல்லர். தம் வேலைக்குக் கூலி வாங்குகிறார். கூலியே வாங்காதே என்று ஒரு விதி இருந்தால் துணி முதல் பட்டறையோடு நின்றுவிடும். நகலெடுப்பவரின் நிலையும் இதுதான்: நிரல் அவருடையதன்று, உழைப்பு அவருடையது.

1992 ஜனவரியில் 0.12 பதிப்போடு டோர்வால்ட்ஸ் உரிமத்தை மாற்றப்போவதாக அறிவித்தார். ரிச்சர்ட் ஸ்டால்மன் ஜிஎன்யு என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக வகுத்திருந்த ஜிபிஎல் உரிமம் பிப்ரவரியிலிருந்து லினக்ஸுக்கும் ஆயிற்று. நகலுக்கு விலை வாங்கலாம். ஆனால் மூலநிரல் கிடைக்க வழிசெய்ய வேண்டும், வாங்கியவரும் அதே உரிமையோடு நகலெடுக்கலாம், திருத்தலாம், விற்கலாம். விளைவு உடனே தெரிந்தது. நிறுவத் தயாராகத் தொகுத்த லினக்ஸ் வழங்கல்களான எஸ்எல்எஸ் 1992இலும், ஸ்லாக்வேர், டெபியன் ஆகியவை 1993இலும் எழுந்தன. குறுவட்டில் விற்கும் நிறுவனங்களும் முளைத்தன.

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை அன்றைய அரசு நிறுவனமான விஎஸ்என்எல் 1995 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. சென்னை உள்ளிட்ட பெருநகரங்களுக்கே அது முதலில் வந்தது. தொலைபேசி வழி வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட். 650 எம்பி குறுவட்டு ஒன்றின் நிரல்களை இடைவிடாமல் இறக்கினாலும் 6 நாளுக்கு மேல் ஆகும். எனவே 1990களின் பிற்பாதியில் இங்கே லினக்ஸைப் பரப்பியது இணையமன்று, இதழோடு வந்த குறுவட்டு. பெங்களூரின் அதுல் சிட்னிஸ் முன்னின்ற முயற்சியால் பிசி குவெஸ்ட் இதழ் லினக்ஸ் வட்டுகளை வாசகர்களுக்கு வழங்கியது. விலைக்கு விற்கும் இதழில் அதைச் சேர்க்க 1991ஆம் ஆண்டு உரிமம் இடம் தந்திருக்காது. நம் கணினி வரலாற்றில் இந்த வட்டுகளுக்கு உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை என்பது என் ஆதங்கம். வட்டு கிடைத்த பிறகு அதை நிறுவக் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே. அந்தப் பணியைச் சென்னை லினக்ஸ் பயனர் குழு எடுத்துக்கொண்டது. ஐஐடி வளாகத்தில் நடந்த அதன் மாதக் கூட்டங்களில் கற்றவர்கள் பிறருக்குக் கற்பித்தனர்.

அடுத்த கட்டம் மொழி. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கனடாவிலும் சிதறியிருந்த தமிழ் ஆர்வலர்கள், கேடிஇ, க்னோம் இடைமுகங்களைத் தமிழாக்கத் தொடங்கினர். மூலநிரல் திறந்திருந்ததால் அவர்கள் எந்த நிறுவனத்தின் அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. பின்னர் அரசும் வந்தது: மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு, டெபியனை அடியாகக் கொண்டு பாஸ் லினக்ஸை உருவாக்கியது. 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸோடு பாஸும் மாணவர் கைக்குப் போனது. பலர் அதை ஒருமுறைகூடத் திறந்துபார்க்கவில்லை என்பதும் உண்மை. ஆசிரியருக்கே பழக்கமில்லாத ஒன்றை மாணவர் எப்படித் தொடுவார்? கருவியைக் கொடுத்துவிட்டுக் கூடவே கற்பிக்கும் ஆளைக் கொடுக்கத் தவறியதே காரணம் என்பேன்.

அந்த இடைவெளியை நிரப்ப 2012 ஜனவரியில் பிறந்தது கணியம் மின்னிதழ். த. சீனிவாசனும் நண்பர்களும் லினக்ஸ், பைத்தான், மைஎஸ்கியூஎல் பற்றி எளிய தமிழில் எழுதி, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் பகிர்ந்தனர். அந்த எழுத்தை ஒரு கல்லூரி மாணவர் நகலெடுத்து வகுப்பில் கொடுக்கலாம். ஓர் அச்சகத்தார் நூலாக்கி, தாளுக்கும் மைக்கும் தம் உழைப்புக்கும் விலை வைத்து விற்கலாம். 1992இல் நிரலுக்குக் கிடைத்த அதே உரிமை, நிரலைக் கற்பிக்கும் தமிழுக்கும் கிடைத்தது.