தங்கம் போன இடம்

மதுரையில் மேலப்பெருமாள் மேஸ்திரி வீதி வழியாகப் போகிறவர்களுக்கு இன்று கண்ணில் படுவது பிரம்மாண்டமான ஜவுளிக்கடை. அந்த இடத்தில்தான் தங்கம் தியேட்டர் இருந்தது. ஆசியாவிலேயே பெரியது என்று மதுரைக்காரர்கள் அதைச் சொல்லிக் கொள்வார்கள். ஆசியாவை யார் அளந்து பார்த்தார்கள் என்று கேட்டால் கோபம் வரும். ஆனால் ஆசனக் கணக்கு பொய்யல்ல: 2563.

இந்த எண்ணைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். தினம் மூன்று காட்சி, மூன்றும் நிறைந்தால் 7689 பேர். வாரத்துக்கு ஐம்பத்து மூவாயிரத்துக்கு மேல். 1951 ஜனத்தொகைக் கணக்கில் மதுரை நகரத்தின் தொகை மூன்று லட்சத்து அறுபதினாயிரத்துச் சொச்சம். அதாவது, கொட்டகை தொடர்ந்து நிறைந்தால் ஏழே வாரத்தில் கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஊர் முழுவதும் உள்ளே போய் வந்துவிடலாம்! இப்படி ஒரு கட்டடத்தை எழுப்பத் துணிந்தவருக்குக் கணக்கு தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. அவர் நகரத்தை மட்டும் நம்பவில்லை. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், சோழவந்தான் என்று சுற்றிலும் கிடந்த கிராமங்களை நம்பினார். சந்தைக்கும் கோர்ட்டுக்கும் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கவும் வருகிற ஜனங்கள் ஒரு படமும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள்.

1952-ம் வருஷம் தீபாவளிக்குத் தியேட்டர் திறந்தது. முதல் படம் ‘பராசக்தி’. கிருஷ்ணன் - பஞ்சு டைரக்ஷன், மு. கருணாநிதி வசனம், சிவாஜி கணேசன் என்ற புது நடிகருக்கு அதுவே முதல் படம். புதுக் கொட்டகைக்கு இதைவிட நல்ல சகுனம் அமையாது. அவ்வளவு ஆசனங்களையும் நிரப்பிக் கொண்டு படம் நூறு நாள் கண்டது. இதன் அருமை ரசிகர்களுக்குத் தெரியும். சின்னக் கொட்டகையில் நூறு நாள் ஓட்டுவது ஒரு வித்தை. தங்கத்தில் ஓடுவது வேறு விஷயம். தங்கத்தில் ஐம்பது நாள் ஓடினாலே மற்ற இடத்தில் நூறு நாளுக்குச் சமம் என்று வாதாடுவார்கள். வாதம் நியாயமானதுதான்.

மதுரைக்கு இந்தப் பைத்தியம் திடீரென்று பிடித்ததல்ல. 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களைச் சேர்த்துக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தது இந்த ஊரில்தான். டி.கே.எஸ். சகோதரர்கள் பயின்ற இடம் அது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சிறுவனாகச் சேர்ந்த எம்.ஜி. ராமச்சந்திரன் பிற்காலத்தில் நாட்டையே ஆண்டார். 1937-ல் மதுரை ராயல் டாக்கீஸார் எடுத்த ‘சிந்தாமணி’ பெற்றுத் தந்த லாபத்தில் சிந்தாமணி என்றே ஒரு தியேட்டர் எழுந்தது. ரயிலடிக்கு எதிரே விக்டோரியா எட்வர்டு மன்றத்தில் இருந்த ரீகலில் ஆங்கிலப் படங்கள். கீழே உட்கார்ந்து விசிலடித்தவனுக்கும் மேலே உட்கார்ந்து புரிந்ததுபோல் சிரித்தவருக்கும் ஆங்கிலம் ஏறக்குறைய ஒரே அளவுதான் தெரியும்.

சினிமாக் கொட்டகை ஜாதி பேதத்தை ஒழித்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது முழு உண்மையல்ல. கோயிலில் பிறப்பைக் கேட்டார்கள், கொட்டகையில் பையைக் கேட்டார்கள். பெஞ்சுக்கும் சோபாவுக்கும் இடையே தடுப்பு இருந்தது. வாசல்கூட வேறாக இருந்தது. ஆனால் விளக்கை அணைத்தபின் எல்லோரும் ஒரே சமயத்தில் அழுதார்கள். 1939-ல்தான் மீனாட்சி கோயிலுக்குள் எல்லா ஜாதியாரும் நுழைய முடிந்தது. அதற்குப் பதின்மூன்றே வருஷம் கழித்து 2563 பேர் ஒரே கூரையின் கீழ் இப்படி உட்கார்ந்தார்கள். இதை அற்பமாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

பெருமை எதுவோ அதுவே பிறகு பாரமாயிற்று. வீட்டுக்கு வீடு டெலிவிஷன் வந்தது. கொடைக்கானல் மலையிலிருந்து ஒளிபரப்பு வந்தது. தெருவுக்குத் தெரு வீடியோ கேஸட் வந்தது. 1993-ல் சன் டி.வி. வந்தது. ஐந்நூறு ஆசனமுள்ள கொட்டகையில் இருநூறு பேர் இருந்தால் அது கூட்டம். தங்கத்தில் அதே இருநூறு பேர் இருந்தால் பாழடைந்த மண்டபம். மின்சாரக் கட்டணமும் கேளிக்கை வரியும் சிப்பந்திகள் சம்பளமும் ஆள் குறைந்ததற்காகக் குறைவதில்லை. ஊரின் நடுவிலோ மனை விலை ஏறிக் கொண்டே போயிற்று. தொண்ணூறுகளில் காட்சிகள் நின்றன. பல வருஷம் பூட்டிக் கிடந்த கட்டடம் பிறகு இடிபட்டது.

ஜவுளிக்கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. வாங்கியவர் வியாபாரி, விற்றவருக்கும் வேறு வழி இருந்திருக்காது. என் வருத்தம் ஊரைப் பற்றியது. கல் மண்டபத்தில் ஒரு தூண் சாய்ந்தால் பதைக்கிற மதுரை, அரை நூற்றாண்டு தன்னைச் சிரிக்கவும் அழவும் வைத்த கட்டடம் போனபோது ஒரு கல்வெட்டுக்கூட வைக்கவில்லை. சிந்தாமணியும் இன்று இல்லை. பஸ் கண்டக்டர்களும் ஆட்டோக்காரர்களும் வைத்திருந்த அடையாளப் பெயர்களே கொஞ்ச காலம் மிஞ்சியிருந்தன.

வேடிக்கை என்னவென்றால், சினிமா வந்து எதை விழுங்கிவிட்டது என்று சொன்னார்களோ, அந்த நாடகம் இன்னும் சாகவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் 1922-ல் காலமானார். அவருடைய ‘வள்ளி திருமண’த்தை ஸ்பெஷல் நாடகக்காரர்கள் இன்றும் மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களில் விடிய விடிய ஆடுகிறார்கள். அதற்குக் கொட்டகை வேண்டாம். அறுவடை முடிந்த வயலோ கோயில் திடலோ போதும். பங்குனி பிறந்தால் ஊர்ப் பெரியவர்கள் மதுரைக்கு வந்து ராஜபார்ட்டுக்கும் பபூனுக்கும் தேதி கேட்கிறார்கள்.