பினாங்கு மாநிலத்திற் பாடசாலைத் தெரிவு: ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் அச்சங்களையும் ஆசைகளையும் அறிய விரும்புவோர் அச்சமுதாயத்தின் பெற்றார் தம் பிள்ளைகளை எப்பாடசாலைக்கு அனுப்புகின்றனர் என்பதை நோக்குதல் வேண்டும். இவ்வகையில் மலேசியாவின் பினாங்கு மாநிலம் சிறப்பானதோர் எடுத்துக்காட்டாகும். பினாங்குத் தீவையும் அதற்கெதிரே பெருநிலத்தில் அமைந்த செபராங் பிறைப் பகுதியையும் கொண்ட இச்சிறு மாநிலத்திலே மலாய், சீன, தமிழ் ஆரம்பப் பாடசாலைகளும், சீனத் தனியார் உயர் பாடசாலைகளும், ஆங்கில மொழியிற் போதிக்கும் அனைத்துலகப் பாடசாலைகளும் அருகருகே இயங்குகின்றன. இவற்றுள் ஒன்றைத் தெரியும் உரிமை பெற்றாருக்கு உண்டு என்று பொதுவாகக் கூறப்படும். அவ்வுரிமை எக்காலத்தில் எவருக்குக் கிட்டியது, எவருக்குக் கிட்டாது போயிற்று என்பதை வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைற் என்பவர் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் சார்பிற் பினாங்குத் தீவைக் கைக்கொண்டார். சுங்கமற்ற துறைமுகமாகத் திறந்துவிடப்பட்ட இத்தீவுக்கு மலாயர், சீனர், தமிழர், அரபியர், அச்சேனியர் எனப் பல இனத்தாரும் வந்து குடியேறினர். முப்பது ஆண்டுகள் கழித்து, 1816இல், கம்பனியின் குருவாகப் பணியாற்றிய றொபேட் ஸ்பார்க் ஹச்சிங்ஸ் என்பாரின் முயற்சியாற் 'பினாங்கு பிறீ ஸ்கூல்' நிறுவப்பட்டது. இப்பெயரைக் கொண்டு அது கட்டணமற்ற பாடசாலை என்று கருதுதல் பொருந்தாது. வசதியற்ற பிள்ளைகளுக்கு அங்கு இலவசமாகக் கல்வி புகட்டப்பட்டதாயினும், வசதியுள்ளோரிடம் கட்டணம் அறவிடப்பட்டது. இனம், சமயம் என்னும் வேறுபாடின்றி யாவருக்கும் திறந்த பாடசாலை என்பதே அப்பெயரின் கருத்தாகும். அவ்வாண்டிலேயே அங்கு தமிழ் வகுப்பும் தொடங்கப்பெற்றது. இவ்வகுப்பையே மலேசியத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்வது மரபு. அதனடியாகவே 2016இல் அந்நாட்டுத் தமிழர் தமது கல்வியின் இருநூறாவது ஆண்டு நிறைவைக் கொண்டாடினர். ஆயின் தாய்மொழி வகுப்புகள் அங்கு நிலைபெறவில்லை. ஆங்கிலமே அப்பாடசாலையின் மொழியாக ஓங்கியது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கத்தோலிக்க சபையினர் இத்துறையிற் புகுந்தனர். 1852ஆம் ஆண்டிலே ஆண்பிள்ளைகளுக்கான புனித சவேரியார் கல்லூரியும், பெண்பிள்ளைகளுக்கான லைற் வீதிக் கொன்வென்றும் தோன்றின. 1891இல் மெதடிஸ்த சபையினரும் ஆண்கள் பாடசாலையொன்றை நிறுவினர். இவற்றைத் தோற்றுவித்தவை சமய நிறுவனங்களேயாயினும், பிற சமயத்துப் பெற்றாரும் தம் பிள்ளைகளை இவற்றிற்கு அனுப்பத் தயங்கவில்லை. அதற்குக் காரணம் வெளிப்படையானது. கம்பனிகளின் கந்தோர்களிலும் அரசாங்கத் திணைக்களங்களிலும் இலிகிதராக அமர்வதற்கு ஆங்கிலக் கல்வியே தகுதியாயிற்று. யாழ்ப்பாணத்து மிசனரிப் பாடசாலைகளிற் பயின்ற இலங்கைத் தமிழர் பலர் அதே தகுதியைக் கொண்டே மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் பிற திணைக்களங்களிலும் பதவி பெற்றனர் என்பது இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. 1885இல் நீரிணைக் குடியேற்றங்களில் ஏற்படுத்தப்பட்ட இராணியார் புலமைப்பரிசில் ஆங்கிலக் கல்வியின் மதிப்பை மேலும் உயர்த்திற்று. பினாங்கு பிறீ ஸ்கூல் மாணவரான வூ லியன் தே 1896இல் இப்பரிசிலைப் பெற்றுக் கேம்பிறிட்ஜ் சென்று மருத்துவம் பயின்றார். 1910, 1911ஆம் ஆண்டுகளில் மஞ்சூரியாவிற் பரவிய கொள்ளைநோயைக் கட்டுப்படுத்திய பெருமை அவரைச் சாரும். சுதந்திர மலாயாவின் முதற் பிரதமரான துங்கு அப்துல் ரகுமானும் அப்பாடசாலையிற் பயின்றவரே.

நகரத்துப் பெற்றார் யாவரும் ஆங்கிலக் கல்வியை நாடினர் என்று கொள்ளுதலும் தவறாகும். 1904இல் சீன வணிகர்களின் முயற்சியாற் சுங் ஹுவா கொன்பூசியப் பாடசாலை தொடங்கியது. மலாயாவில் நவீன முறையில் அமைந்த முதற் சீனப் பாடசாலையாக இது கருதப்படும். 1916இல் அல் மஷூர் என்னும் மதரசாவும், 1917இல் சுங் லிங் பாடசாலையும் தோன்றின. இவையெல்லாம் சமூகத்தார் தம் சொந்தப் பணத்தைக் கொண்டு எழுப்பியவை. சமயமும் பண்பாடும் தம் பிள்ளைகளிடத்து அற்றுப்போகலாகாது என்னும் எண்ணமே இவற்றின் அடிப்படை. 1919இற் சீனாவில் எழுந்த மாணவர் கிளர்ச்சியின் அலைகள் மலாயாவையும் எட்டியபோது பிரித்தானிய அரசு விழிப்புற்றது. 1920ஆம் ஆண்டின் பாடசாலைப் பதிவுச் சட்டத்தின் மூலம் தனியார் பாடசாலைகளை அது தன் கண்காணிப்பின் கீழ்க் கொணர்ந்தது. தனியார் கல்விக்கும் அரசுக்குமிடையே பின்னர் நீண்டகாலம் நிலவிய இழுபறிக்கு இதனையே தொடக்கமாகக் கொள்ளலாம்.

இக்காலத்திலே தெரிவு என்பதையே அறியாத பிள்ளைகளும் இதே மாநிலத்தில் வாழ்ந்தனர். அக்காலத்தில் வெல்லெஸ்லி மாகாணம் எனப்பட்ட செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களிலும், பின்னர் இறப்பர்த் தோட்டங்களிலும் தென்னிந்தியத் தமிழ்த் தொழிலாளர் குடியமர்த்தப்பட்டனர். பாடசாலை செல்லும் வயதுடைய பிள்ளைகள் பத்துப்பேர் இருப்பின் தோட்ட நிருவாகம் பாடசாலை நடத்துதல் வேண்டும் என 1923ஆம் ஆண்டுத் தொழிற் சட்டக்கோவை விதித்தது. சட்டம் இருந்தது, பாடசாலையும் அமைந்தது. ஆயின் பல தோட்டங்களில் அப்பாடசாலை ஓர் அறைக் கொட்டகையாகவும், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளையும் கவனிக்கும் இடமாகவுமே இருந்தது. அதற்கு அப்பாற் கற்பதற்கு ஆங்கிலப் பாடசாலை தேவை. அதுவோ நகரத்தில் இருந்தது, கட்டணமும் கேட்டது. தோட்டத்து லயத்திலிருந்து ஜோர்ஜ் ரவுனிலுள்ள கல்லூரிக்குக் கடக்கவேண்டிய தூரத்தை மைல் கணக்கில் மட்டும் அளத்தல் இயலாது.

இரண்டாம் உலகப் போரின் பின் கல்வி அரசியலின் மையத்துக்கு வந்தது. 1951ஆம் ஆண்டின் பாண்ஸ் அறிக்கை, மலாயும் ஆங்கிலமும் போதனாமொழிகளாகக் கொண்ட பொதுத் தேசியப் பாடசாலைகளை விதந்துரைத்தது. தாய்மொழிப் பாடசாலைகள் மறைந்துபோகும் எனச் சீனரும் தமிழரும் அஞ்சினர். அதே ஆண்டு வெளிவந்த பென் - வூ அறிக்கை சீனக் கல்வியின் இடத்தை வலியுறுத்தியது. 1956ஆம் ஆண்டின் ரசாக் அறிக்கை, பொதுப் பாடத்திட்டத்தின் கீழ் வேறுபட்ட மொழிகளில் ஆரம்பப் பாடசாலைகள் இயங்கலாம் என்னும் இணக்கத்துக்கு வந்தது. இன்று தமிழ், சீன ஆரம்பப் பாடசாலைகள் அரச உதவியுடன் இயங்குவதற்கு இவ்விணக்கமே அடித்தளமாகும்.

1960ஆம் ஆண்டின் ரகுமான் தாலிப் அறிக்கையும் அதனை ஒட்டியெழுந்த 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் இடைநிலைக் கல்வியில் வேறொரு நிலையை மேற்கொண்டன. அரச நன்கொடை பெற விரும்பும் இடைநிலைப் பாடசாலை உத்தியோகபூர்வ மொழியிற் போதித்தல் வேண்டும். அன்றேல் நன்கொடையை இழத்தல் வேண்டும். சீனப் பாடசாலைகள் இரு கூறாகப் பிரிந்தன. பெரும்பாலானவை உதவியை ஏற்று மொழி மாறின. ஏனையவை தனித்து நின்றன. பினாங்கிற் சுங் லிங், ஹான் சியாங், சீனப் பெண்கள் உயர் பாடசாலை, போர் தே, ஜிற் சின் ஆகிய பெயர்களில் ஐந்து தனியார் சீன உயர் பாடசாலைகள் இன்றும் இயங்குகின்றன. மாணவர் கட்டணமும் வணிகர் நன்கொடையுமே இவற்றின் உயிர்நாடி. 1975 முதல் இவை தமக்கெனப் பொதுப் பரீட்சையொன்றையும் நடத்தி வருகின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல அதனை ஏற்றபோதும், மலேசிய அரச பல்கலைக்கழக அனுமதிக்கு நெடுங்காலம் அது தகுதியாகக் கொள்ளப்படவில்லை. தமிழ்ச் சமூகத்துக்கோ இவ்வகைத் தனியார் இடைநிலைப் பாடசாலைகளை எழுப்பும் பொருள்வளம் இருக்கவில்லை. தமிழ் ஆரம்பப் பாடசாலையை முடித்த மாணவர், மலாய்மொழித் தேர்ச்சி போதாவிடிற் புகுமுக வகுப்பில் ஓராண்டைக் கழித்து இடைநிலைக்குச் செல்வதே வழக்கமாயிற்று.

1969ஆம் ஆண்டு மே மாதக் கலவரங்களின் பின் மொழிக் கொள்கை தீவிரமடைந்தது. 1970இல் ஆங்கிலப் பாடசாலைகளின் முதலாம் வகுப்பிலிருந்து மலாய் போதனாமொழியாகத் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மேலேறியது. 1980களின் தொடக்கத்தில் இடைநிலை வகுப்புகளிலும் மாற்றம் நிறைவுற்றது. பிறீ ஸ்கூலும் கொன்வென்றும் பெயரளவிற் பழையனவாக நின்றபோதும், அவற்றிற் பெற்றார் தேடிய ஆங்கிலப் போதனை இல்லாதாயிற்று. இம்மாற்றத்தால் நன்மை விளையவில்லை எனக் கூறுதல் நேர்மையாகாது. கிராமத்து மலாய்ப் பிள்ளைக்கு இடைநிலையும் பல்கலைக்கழகமும் தன் மொழியிலே திறந்தன. வெவ்வேறு இனத்துப் பிள்ளைகள் ஒரே மொழியில் உரையாடும் நிலையும் உருவாயிற்று.

ஆங்கிலப் பாடசாலைகள் மறைந்த அதே காலத்தில் அனைத்துலகப் பாடசாலைகள் வேரூன்றலாயின. இவற்றின் தொடக்கம் மிக எளியது. தோட்டத் துரைமாரின் பிள்ளைகளுக்கென 1955இற் பினாங்கு மலையின் மீது அப்லாண்ட்ஸ் பாடசாலை நிறுவப்பட்டது. அமெரிக்க மிசனரிமாரின் பிள்ளைகளுக்கென 1929இல் வியற்நாமில் தொடங்கிய டலாற் பாடசாலை, போரினால் இடம்பெயர்ந்து, கமரன் மலைநாட்டிற் சிலகாலம் இயங்கி, 1971இற் பினாங்கின் தஞ்சோங் பூங்காவை அடுத்த கரையோரப் பகுதிக்கு வந்தது. 1972இற் பாயான் லெப்பாசிற் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டு மின்னணுத் தொழிற்சாலைகள் பெருகவே, வெளிநாட்டுப் பொறியியலாளரின் பிள்ளைகளுக்கும் இத்தகைய பாடசாலைகள் தேவையாயின.

இங்கு ஒரு வேறுபாட்டைக் குறித்தல் அவசியம். மலேசியாவிற் பொதுவாகத் தனியார் பாடசாலை எனப்படுவது தேசியப் பாடத்திட்டத்தைக் கட்டணம் பெற்றுப் போதிப்பது. அனைத்துலகப் பாடசாலையோ பிரித்தானிய, அமெரிக்க, அல்லது வேறு வெளிநாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுவது. அங்கு பயிலும் மலேசிய மாணவர் மலாய் மொழியையும், முஸ்லிம் மாணவர் இஸ்லாத்தையும் கற்றல் வேண்டும். தொடக்கத்தில் உள்நாட்டு மாணவரின் தொகைக்கு எல்லை இருந்தது. நூற்றுக்கு நாற்பது என்றிருந்த அவ்வெல்லை 2012இல் நீக்கப்பட்டது. இதற்குச் சற்று முன்னர், 2003 முதல் அரச பாடசாலைகளிற் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலத்திற் போதிக்கப்பட்ட திட்டத்தைக் கைவிட 2009இல் அரசு தீர்மானித்திருந்தது. அரச பாடசாலையில் ஆங்கில வாயில் மூடப்பட்ட வேளையில், கட்டணப் பாடசாலையில் அதே வாயில் அகலத் திறந்தது. உள்நாட்டு மத்திய வகுப்புப் பெற்றார் அவ்வழியே திரும்பியதில் வியப்பில்லை.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். பினாங்கில் எக்காலத்திலும் ஏதோவொரு கல்வி உயர்ந்த வாழ்வுக்கு வழியாக இருந்தது. அதனை அடைய ஒரு தடையும் இருந்தது. குடியேற்ற காலத்தில் நகரத்தில் வாழ்ந்து ஆங்கிலக் கல்விக்குக் கட்டணம் செலுத்தக்கூடியோர் முன்னேறினர். சுதந்திரத்தின் பின் அரசு கட்டணத் தடையைத் தளர்த்தியபோது மொழி பிரச்சினையாயிற்று. இன்று மீண்டும் கட்டணமே தடையாகியுள்ளது. தம் பிள்ளைக்கு நல்லதெனத் தோன்றுவதைத் தேடும் பெற்றாரைக் குறை கூறுதற்கில்லை. சீன வணிகர் தம் பாடசாலையைக் காத்ததும், இன்றைய பொறியியலாளர் அனைத்துலகப் பாடசாலையை நாடுவதும் ஒரே அக்கறையின் இரு வடிவங்களே. ஆனால், வசதியுள்ளோர் பொதுப் பாடசாலையை விட்டு நீங்கும்போது, அதன் குறைகளைத் தட்டிக்கேட்கும் குரல்களும் அவர்களுடனேயே நீங்கிவிடுகின்றன. எஞ்சியிருப்போர் வேறு வழியற்றவர்கள்.

மாநிலத்தில் இன்று இருபத்தெட்டுத் தமிழ்ப் பாடசாலைகள் உள்ளன. அவற்றிற் பயிலும் பிள்ளைகளின் மூதாதையர் பலருக்குத் தெரிவு என்பது இருக்கவில்லை. இன்றைய தமிழ்ப் பெற்றார் தமிழ்ப் பாடசாலையைத் தெரிவார்களாயின், அது வேறு வழியின்மையால் அன்றி அப்பாடசாலையின் தரத்தால் நிகழ்தல் வேண்டும். அவ்வாறு நிகழும் நாளிலேயே, 1816இல் யாவருக்கும் திறந்தது எனப் பெயர் சூட்டப்பெற்ற கல்வி, உண்மையில் யாவருக்கும் திறந்ததாகும்.