பழைய பாக்கி

புளியமரத்தில் பேய் இருக்கிறது என்றால் மரம் வீட்டுக்காரர், பேய் குடித்தனக்காரர். குடித்தனக்காரர் பண்ணும் அட்டூழியத்துக்கு வீட்டுக்காரர் எப்படிப் பொறுப்பாவார்? ஆனால் மரமே வில்லன் என்றால்? அதற்கென்று ஒரு மூளை. மூளை நிறைய வன்மம். பக்கத்தில் வருகிற ஆளை அமுக்கிவிட வேரும் கிளையும்.

இங்கிலீஷ் மாயாஜாலக் கதைகளில் இந்த ஜாதி மரங்கள் நிறைய உண்டு. 1900ல் வெளியான ஆஸ் மந்திரவாதி கதையில், காட்டின் முதல் வரிசையில் நிற்கும் மரங்கள் உள்ளே வருகிறவனைக் கிளையால் தூக்கிக் கடாசும். ஹாரி பாட்டரின் பறக்கும் காரை நொறுக்கிய மரத்தை வீட்டுக் குழந்தைகளைக் கேட்டால் நடித்தே காட்டுவார்கள். அது 1998. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார் நம்ம ஆள். கிழவர். பெயர், ஓல்ட் மேன் வில்லோ.

ஜே.ஆர்.ஆர். டோல்கியன் 1934லேயே ஆக்ஸ்ஃபோர்ட் மேகஸினில் எழுதிய ஒரு பாட்டில் இவரை அறிமுகப்படுத்திவிட்டார். 1954ல் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முதல் பாகம் வந்தபோது பெரிய வேடமே கொடுத்தார். (2001ல் வந்த சினிமாவில் தேடாதீர்கள். அந்தக் காட்டையே கத்தரித்துவிட்டார்கள்.)

ஆற்றங்கரையில் ஒரு பெரிய வில்லோ மரம். கிரிக்கெட் மட்டை செய்வார்களே, அந்த இனம்தான். நாலு ஹாபிட்டுகள் அந்தப் பக்கம் வருகிறார்கள். வெயில். இலைகளின் சலசலப்பு. யாரோ தாலாட்டுகிற மாதிரி கண்ணைச் சொக்குகிறது. இரண்டு பேர் அடிமரத்தில் சாய்ந்து தூங்க, மரம் வாயைத் திறந்து உள்ளே இழுத்து மூடிக்கொள்கிறது. ஒருத்தன் மொத்தமாகக் காலி. இன்னொருத்தன் இடுப்புவரை உள்ளே. மூன்றாவது ஆளை ஒரு வேர் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்கிறது. வெளியே தப்பியவர்கள் மரத்துக்குத் தீ வைத்துப் பார்க்கிறார்கள். உடனே உள்ளே மாட்டியவன் அலறுகிறான்: தீயை அணைக்காவிட்டால் என்னை இரண்டாகப் பிளந்துவிடுமாம், மரமே சொல்கிறது! கடைசியில் டாம் பாம்படில் என்கிற விசித்திர மனிதர் வந்து, பாட்டுப் பாடி அதட்டி மீட்டெடுக்கிறார்.

படிக்கிறபோது முதுகுத்தண்டு சில்லிடும். ஆனால் கொஞ்சம் முன்னால் புரட்டிப் பார்த்தால் இன்னொரு விஷயம் கிடைக்கும். அந்தக் காட்டை ஒட்டி ஹாபிட்டுகள் வேலி போட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் மரங்கள் அந்த வேலிமேல் வந்து சாய்ந்து நெருக்கியிருக்கின்றன. ஹாபிட்டுகள் சும்மா இருப்பார்களா? நூற்றுக்கணக்கில் வெட்டிக் குவித்துக் கொளுத்தினார்கள். கொளுத்திய இடத்தில் அப்புறம் ஒரு மரமும் முளைக்கவில்லை. ஆக, கிழவரின் கோபம் சும்மா வந்ததல்ல. ஒரு கணக்கு பாக்கி நிற்கிறது.

இதை எழுதியவர் மர வெறுப்பாளர் என்று யாராவது நினைத்தால் ஐயோ பாவம். இங்கிலாந்தில் அவரைவிட மரத்தை நேசித்த எழுத்தாளரைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். நாலு வயதில், 1896ல், பர்மிங்ஹாமை ஒட்டிய சேர்ஹோல் கிராமத்துக்குக் குடிவந்த பிள்ளை. அப்பா அந்த வருஷம்தான் தென்னாப்பிரிக்காவில் இறந்துபோயிருந்தார். அங்கே ஒரு மாவு மில், அதை ஒட்டிக் குளம், குளத்தின்மேல் சாய்ந்த ஒரு வில்லோ மரம். பையன் மரம் ஏறப் பழகியது அதில்தான். ஒரு கசாப்புக்கடைக்காரருக்குச் சொந்தமான மரம் என்று பின்னாளில் பேட்டியில் சொன்னார். ஒருநாள் வெட்டிப்போட்டார்கள். வெட்டியது கூடப் பரவாயில்லை, அதை வைத்து ஒன்றுமே செய்யவில்லை. விறகுகூட ஆக்கவில்லை. அப்படியே கிடந்தது. எழுபது வயது தாண்டியும் அவரால் அதை மறக்க முடியவில்லை.

ஷேக்ஸ்பியர்மேலேயே அவருக்கு இந்த விஷயத்தில் மனத்தாங்கல் உண்டு. 'மேக்பெத்'தில் காடு நகர்ந்து வரப்போகிறது என்று ஆசைகாட்டிவிட்டு, கடைசியில் சிப்பாய்கள் கிளையைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். இவ்வளவுதானா என்று பள்ளிக்கூட வயதிலேயே நொந்துபோனவர், பிற்பாடு தன் கதையில் நிஜமாகவே மரங்களைப் போருக்கு நடத்திக்கொண்டு போனார். அந்தக் காட்டுக்குள் ஓடிய எதிரிப்படையில் ஒருத்தனும் திரும்பவில்லை.

அதற்காகக் கிழ வில்லோவை அவர் நல்லவராக்கிவிடவில்லை. இதுதான் எனக்குப் பிடித்த இடம். காட்டுக்குக் கோபப்பட நியாயம் இருக்கிறது, சரி. ஆனால் வேலிப்பக்கம் கோடாலி தூக்கியவன் எவனோ. தூங்க வந்த பிப்பின் என்ன செய்தான்? நெஞ்சு கெட்டுப்போனவர், பலம் மட்டும் குறையாதவர் என்றுதான் கிழவரைப் பற்றிப் பாம்படில் சொல்கிறார். அடிபட்டவன் என்பதற்காக அவன் செய்வதெல்லாம் சரியாகிவிடாது. செய்வது தப்பு என்பதால் அடிபட்டது பொய்யாகியும் விடாது. ஒரு மரத்தை வைத்துக்கொண்டு இவ்வளவையும் சொல்ல முடிந்திருக்கிறது.

1972ல் டெய்லி டெலிகிராஃப் ஒரு தலையங்கம் எழுதியது. வனத்துறை நட்ட காடுகளில் பறவைச் சத்தமே இல்லை, 'டோல்கியன் இருட்டு' மாதிரி இருக்கிறது என்று. எண்பது வயதுக்காரருக்கு வந்ததே கோபம். என் கதைகள் எல்லாவற்றிலும் நான் மரங்களின் கட்சி, எதிரிகளின் கட்சி அல்ல என்று பதில் கடிதம் போட்டார். அந்தக் காடு இரண்டு கால் ஜீவன்களை வெறுத்ததற்குக் காரணம், பட்ட காயங்களின் ஞாபகம் என்றும் விளக்கினார். வனத்துறையையாவது திருத்தலாம், தனி ஆட்களும் சில்லறை அதிகாரிகளும் மரங்களைச் சித்ரவதை செய்து கொல்வதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை என்று ஒரு குட்டு வேறு.

அடுத்த வருஷம் ஆகஸ்ட் 9ம் தேதி, ஆக்ஸ்ஃபோர்ட் தாவரவியல் பூங்காவில் தனக்குப் பிடித்த கருப்பு பைன் மரத்தின் பக்கத்தில் நின்று பேரனுக்கு போஸ் கொடுத்தார். அவரது கடைசிப் புகைப்படமாக அறியப்படுவது அதுதான். செப்டம்பர் 2ம் தேதி காலமானார். அந்த பைன் மரம் அதற்கப்புறம் நாற்பது வருஷம் இருந்தது. 2014ல் இரண்டு பெரிய கிளைகள் ஒடிந்து விழ, வருகிற ஜனங்களுக்கு ஆபத்து என்று வெட்டி எடுத்துவிட்டார்கள்.