தலைமை பயின்ற தமிழ்ப் பெண்கள்

வன்னியிலுள்ள எங்கள் பாடசாலையில் ஆண்டுதோறும் மாணவத் தலைவர்க்குச் சின்னம் சூட்டுகிறோம். தலைமை என்பது ஆணையிடும் உரிமை என்றே பிள்ளைகள் பலர் எண்ணுகின்றனர். மலாயாவிலே வாழ்ந்த தமிழ்ப் பெண்கள் சிலர் வேறொரு பாடத்தைப் போர்க்காலத்தில் கற்றனர்.

1943 ஒக்டோபர் 22ஆம் நாள் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் ஜான்சிராணிப் படைக்குப் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சென்னை மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவி. படையிற் சேர்ந்தோருள் ரப்பர் தோட்டத் தொழிலாளரின் புதல்வியர் மிகப் பலர். யாழ்ப்பாண வழிவந்த இராசம்மா நவரத்தினமும் சேர்ந்தார். அணிநடையும் துப்பாக்கிப் பயிற்சியும் அளிக்கப்பட்டன. தகுதியுடையோர் அதிகாரிப் பயிற்சிக்குத் தெரிவாயினர். அவர்களுள் ஒருவர் இளம்பெண் ஜானகி தேவர்.

1945 ஏப்ரல் இறுதியில், தோல்வி நெருங்கியபோது, ஜானகியின் அணி இரங்கூனை விட்டுப் பாங்கொக் நோக்கிப் பின்வாங்கியது. பெண்கள் நடந்து செல்கையில் வாகனத்தில் ஏற நேதாஜி மறுத்தார். ஆற்றங்கரையில் அவர்கள் யாவரும் கடக்கும்வரை தாம் கடக்க இசையவில்லை. பாதங்கள் கொப்புளித்தும் உடன் நடந்தார். முதுமையிலும் அப்பெண்கள் நன்றியோடு நினைவுகூர்ந்தது இந்நடையைத்தான்.

இராசம்மா பின்னாளில் கோலாலம்பூரில் பெண்கள் பாடசாலையொன்றின் அதிபரானார். ஜானகி மலேசிய மேலவை உறுப்பினரானார்.

போரின் துயரை வன்னி மக்கள் நன்கறிவர். அதனை நாம் போற்றவேண்டியதில்லை. ஆயினும் சின்னம் பெறும் பிள்ளைக்கு நான் இந்த ஆற்றங்கரைக் கதையையே சொல்வது வழக்கம்.