திமிங்கில எலும்பும் இறுக்குக் கச்சும்

நம்மவர் பலர் இன்று பணிபுரியும் வைட்ஃபீல்ட், 1882ஆம் ஆண்டில் மைசூர் மன்னர் பத்தாம் சாமராஜ உடையார் அளித்த 3,900 ஏக்கர் நிலத்தில், ஆங்கிலோ-இந்தியர்க்கென எழுந்த குடியிருப்பு என்பதை நேயர்களுள் சிலர் அறிந்திருப்பர். அக்குடியினர் அணிந்தது ஐரோப்பிய உடை. ஐரோப்பிய மாதர் உடைக்கு அந்நாளில் அடித்தளமாய் இருந்தது 'கார்செட்' என்னும் இறுக்குக் கச்சு.

கச்சு நமக்குப் புதிய சொல்லன்று. ஆனால் நம் கச்சு உடலின் வடிவை ஏற்பது. கார்செட்டோ தன் வடிவை உடல்மேல் ஏற்றுவது. வெறுந்துணியால் அஃது இயலாது. அதற்கு உதவியது 'திமிங்கில எலும்பு'. பெயர்தான் எலும்பு! உண்மையில் அது பல்லில்லாத் திமிங்கிலத்தின் மேல்வாயில் சல்லடைபோல் தொங்கும் தகடு; நம் நகத்துக்கு இனமான பொருள். நீராவியில் இளகும், ஆறியபின் கொடுத்த வடிவில் நிற்கும், மெல்லிய கீற்றாகப் பிளந்தாலும் எளிதில் முறியாது. எஃகுக்கு இந்த நயமில்லை. வியர்வை பட்டால் துருவேறும். ஆயினும், வேட்டையால் திமிங்கிலம் அருகித் தகட்டின் விலை ஏறவே, எஃகு இடம்பிடித்தது. 1883இல் அமெரிக்கரான வாரன் என்பார் வான்கோழி இறகின் காம்பையே மாற்றுப்பொருளாக்கினார்.

கயிறு கோக்கும் துளைகளுக்கு உலோகக் கண்கள் 1828இல் பிரான்சில் வந்தன. அதன்பின் எத்துணை இறுக்கினும் துணி கிழியவில்லை; விலா எலும்புகளே வளைந்தன. அக்கால எலும்புக்கூடுகளில் ஆய்வாளர் இதனைக் கண்டுள்ளனர்.

1914இல் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்னும் அமெரிக்க மாது, முன்னர் இரு கைக்குட்டைகளையும் நாடாவையும் இணைத்துத் தாம் ஆக்கிய மார்க்கச்சுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் எலும்புமில்லை, எஃகுமில்லை.