புனைபெயருக்குள் மறைந்த இசையமைப்பாளர்கள்

1980களில் ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனங்கள் பலவும் தம் ஊழியர்களின் உண்மைப் பெயரை விளையாட்டில் காட்டவில்லை. பெயர் தெரிந்தால் போட்டி நிறுவனம் ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும் என்ற பயம்தான் காரணம். 1985இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' விளையாட்டில் பெயர்ப் பட்டியலே கிடையாது.

பட்டியல் இருந்த இடத்திலும் குழப்பம்தான். கோனாமியின் 'கேசில்வேனியா' இசைக்கு உரியவராகக் காட்டப்பட்டவர் ஜேம்ஸ் பனானா. 1958ஆம் ஆண்டு டிராகுலா படத்துக்கு இசையமைத்த ஜேம்ஸ் பெர்னார்டின் பெயரைக் கேலியாகத் திரித்தது அது. உண்மையில் இசையமைத்தவர் கினுயோ யமஷிதா. சத்தோயே தெராஷிமாவும் பங்களித்தார். கேப்காமின் 'மெகா மேன் 2' பட்டியலில் வரும் 'ஒகெரெத்சு குன்' என்பவர் தகாஷி ததேய்ஷி. அந்த நிறுவனத்தின் வேறு விளையாட்டுகளில் வந்த 'ஷிமோ-பி' என்பது யோகோ ஷிமோமுரா. இப்படி மறைந்தவர்களில் பெண்கள் கணிசம் என்பது கவனிக்கத்தக்கது.

புனைபெயரை அவிழ்ப்பதோடு வேலை முடிவதில்லை. கோனாமியின் 'குகேய்ஹா கிளப்' போன்ற கூட்டுப்பெயர்களுக்குள் பலர் இருந்தனர். 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' (1991) இசையில் பெரும்பகுதி ஷிமோமுராவுடையது. ஆனால் அதில் வரும் சகாட் என்ற பாத்திரத்தின் மெட்டு இசாவோ அபேயுடையது. இதை இறுதித் திரை சொல்லாது. பின்னாளில் வந்த இசைத்தட்டுக் குறிப்புகளையும் இசையமைப்பாளர்களின் நேர்காணல்களையும் ஒப்பிட்டுத்தான் மெட்டு மெட்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது.

நிறுவன ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து பணியாற்றிய இசையமைப்பாளர் யூசோ கோஷிரோவின் கதை வேறு. சேகாவின் 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ்' (1991) தொடக்கத் திரையிலேயே அவர் பெயர் இருந்தது.