கண்ணை குளோஸப்பில் படம் எடுப்பது எப்படி? கருவிழி மேக்ரோவும் கவனிக்க வேண்டிய விஷயங்களும்

மடிப்பு மடிப்பாக மணல்மேடு, நடுவே கறுப்பாக ஒரு பள்ளம். சமூக வலைதளங்களில் பார்க்கும்போது ஏதோ வேற்றுக் கிரகம் போலத் தெரியும் இந்தப் படங்கள், உண்மையில் மனிதக் கண்ணின் குளோஸப்தான். 'நாமும் எடுத்துப் பார்ப்போமே' என்று கேமராவைக் கண் அருகே கொண்டு போனால், பலருக்கும் கிடைப்பது மங்கலான கருவிழியும், அதன் மேல் பளிச்சென்று ஒரு ஜன்னலும்தான்.

ஏன் இப்படி ஆகிறது? ட்ரைபாட் இல்லாமல், கையில் பிடித்தே தெளிவாக எடுக்க முடியுமா? கண்ணுக்கு ஏதும் ஆபத்து உண்டா? எடுத்த படத்தை அப்படியே பகிரலாமா? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மேக்ரோ என்றால் என்ன?

ஒரு பொருள் எந்த அளவில் இருக்கிறதோ, அதே அளவில் கேமராவின் சென்சார் மீது விழுந்தால் அது 1:1 மேக்ரோ. மனிதக் கருவிழியின் குறுக்களவு சுமார் 12 மி.மீ. ஃபுல் ஃபிரேம் கேமரா சென்சாரின் உயரம் 24 மி.மீ. அதாவது 1:1 அளவில் எடுத்தால், படத்தின் பாதி உயரத்தைக் கருவிழி பிடித்துக்கொள்ளும். சிறிய சென்சார் கொண்ட ஆரம்பநிலை கேமராக்களில் முக்கால்வாசி உயரம் வரை வரும். கற்றுக்கொள்ள இதுவே தாராளம்.

ஃபோகஸ் ஏன் தவறுகிறது?

இவ்வளவு நெருக்கத்தில், தெளிவாகத் தெரியும் பகுதியின் ஆழம் மிகக் குறைவு. 1:1 அளவில் அப்பர்ச்சரை எஃப் 2.8-ல் வைத்தால் அது சுமார் கால் மி.மீ. மட்டுமே. எஃப் 11-ல் வைத்தால் சுமார் 1 மி.மீ. கிடைக்கும். நாம் மூச்சு விடும்போதே உடம்பு அதைவிட அதிகமாக அசையும். எதிரே இருப்பவரும் அசைவார்.

இன்னொரு சிக்கல், கருவிழி கண்ணின் மேற்பரப்பில் இல்லை. அதற்கு முன்னால் கார்னியா என்ற கண்ணாடி போன்ற படலம் இருக்கிறது. கருவிழி அதற்குச் சுமார் 3 மி.மீ. உள்ளே இருக்கிறது. கேமராவின் ஆட்டோ ஃபோகஸ் பல நேரங்களில் இமை முடியையோ, கார்னியாவில் தெரியும் பிரதிபலிப்பையோ பிடித்துக்கொள்ளும்.

சரி, அப்பர்ச்சரை எஃப் 22 என்று குறைத்துவிட்டால் போதாதா? போதாது. மேக்ரோவில் அப்பர்ச்சரை ரொம்பக் குறைத்தால், ஒளி சிதறி மொத்தப் படமுமே மென்மையாகிவிடும். எஃப் 8 முதல் எஃப் 11 வரை நல்ல சமரசம்.

கையில் பிடித்து எடுப்பது எப்படி?

* படம் எடுக்கப்படுபவரை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கைகளை மேசையில் ஊன்றி, தாடையைக் கையில் தாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். தலை அசைவு பெருமளவு குறைந்துவிடும்.

* நீங்களும் எதிரே உட்கார்ந்து, முழங்கைகளை மேசையில் ஊன்றுங்கள். நின்றுகொண்டு எடுக்க வேண்டாம்.

* லென்ஸை மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி, தேவையான நெருக்கத்தில் நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு ஃபோகஸ் வளையத்தைத் தொடாதீர்கள்.

* உடம்பை மட்டும் மெதுவாக முன்னே கொண்டு செல்லுங்கள். கருவிழியின் நார் போன்ற கோடுகள் தெளிவாகத் தெரியும் நொடியில் ஷட்டரை அழுத்துங்கள். பாதி மூச்சை விட்டு, ஒரு கணம் நிறுத்தி எடுப்பது நல்லது.

* "ஒரு தடவை கண்ணை மூடித் திறங்க, இப்போ லென்ஸோட நடுவுல பாருங்க" என்று சொல்லி எடுங்கள். கண் நேராகப் பார்த்தால்தான் கருவிழி முழுவதும் ஒரே ஃபோகஸில் வரும்.

பத்து, இருபது படங்கள் எடுத்து அதில் ஒன்று சரியாக வந்தால் அது தோல்வி இல்லை. மேக்ரோவில் அனுபவசாலிகளும் அப்படித்தான் எடுக்கிறார்கள்.

லென்ஸைப் பொறுத்தவரை, 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் வசதியானது. 1:1 அளவில் லென்ஸின் முனைக்கும் முகத்துக்கும் நடுவே சுமார் ஒரு சாண் அளவுக்குச் சற்றுக் குறைவான இடைவெளி கிடைக்கும். அந்த வழியாகத்தான் வெளிச்சம் கண்ணுக்கு வர வேண்டும். செலவைக் குறைக்க, சாதாரண லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே எக்ஸ்டென்ஷன் டியூப் மாட்டலாம். ஆனால் இதில் இடைவெளி குறைந்துவிடும், கவனம் தேவை.

வெளிச்சம்தான் பாதி வேலை

கார்னியா ஒரு குவிந்த கண்ணாடி. எதிரே இருக்கும் ஜன்னல், பல்பு, உங்கள் முகம் எல்லாமே அதில் தெரியும். பிரதிபலிப்பை முழுசாக ஒழிக்க முடியாது. அது எங்கே விழ வேண்டும் என்பதை முடிவு செய்யலாம். ஒரே ஒரு விளக்கைப் பயன்படுத்தி, அதன் பிரதிபலிப்பு நடுவிலுள்ள கறுப்புக் கண்மணியிலோ, மேல் இமையை ஒட்டியோ விழும்படி நகர்த்திப் பாருங்கள். ரிங் லைட் வைத்தால் கண்ணில் வட்ட வளையம் அப்படியே பதியும்.

அறையை இருட்டாக்க வேண்டாம். வெளிச்சம் குறைந்தால் கண்மணி விரிந்து, கருவிழியின் பரப்பு சுருங்கிவிடும். அறை வெளிச்சமாக இருந்தால் கண்மணி சுருங்கி, கருவிழி அகலமாகத் தெரியும்.

ஃபிளாஷ் பயன்படுத்தினால் ஷட்டர் வேகம் 1/200, அப்பர்ச்சர் எஃப் 11, ஐஎஸ்ஓ 100 அல்லது 200 என்று தொடங்கலாம். ஃபிளாஷின் ஒளி மிகக் குறைந்த நேரமே இருப்பதால், கை நடுக்கம் படத்தில் தெரியாது.

பழுப்புக் கண்களை எடுப்பது சிரமமா?

கொஞ்சம் சிரமம்தான். நம்மில் பெரும்பாலோருக்கு அடர் பழுப்புக் கண்கள். அதிலுள்ள மெலனின் ஒளியை உறிஞ்சிக்கொள்வதால், நேராக ஒளி விழுந்தால் வெறும் கறுப்பாகவே தெரியும். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் மேடு பள்ளங்களில் நிழல் விழுந்து கோடுகள் எழுந்து தெரியும். ரா ஃபைலாக எடுத்தால், பின்னர் கணினியில் வெளிச்சத்தைக் கூட்டவும் வசதி.

செல்போனில் முடியுமா?

முடியும். ஆனால் பல போன்களின் மேக்ரோ மோட் 2 முதல் 4 செ.மீ. நெருக்கத்தில்தான் வேலை செய்யும். அவ்வளவு அருகில் போனின் நிழலே கண் மேல் விழும். அதற்குப் பதில் ஜன்னல் அருகே பக்கவாட்டு வெளிச்சத்தில் உட்கார வைத்து, சற்றுத் தள்ளி நின்று, இரண்டு அல்லது மூன்று மடங்கு ஜூம் வைத்து எடுத்துப் பாருங்கள்.

கண்ணுக்கு ஆபத்து உண்டா?

சாதாரண கேமரா ஃபிளாஷ் பொதுவாக ஆரோக்கியமான கண்ணுக்கு நிரந்தரப் பாதிப்பை ஏற்படுத்துவதில்லை. சில நொடிகள் கண் முன்னே புள்ளி தெரியலாம். ஆனாலும் இவ்வளவு நெருக்கத்தில் சக்தியைக் குறைத்து, டிஃப்யூசர் மாட்டி, இடைவெளி விட்டு எடுப்பதே நல்லது. டார்ச்சைக் கண்ணுக்கு நேரே தொடர்ந்து அடிக்க வேண்டாம். லேசர் கூடவே கூடாது. கண் வலி, சிவப்பு இருப்பவர்கள், சமீபத்தில் கண் ஆபரேஷன் செய்தவர்கள், ஒளி மின்னினால் வலிப்பு வரக்கூடியவர்கள் ஆகியோரைத் தவிர்த்துவிடுங்கள்.

படத்தைப் பகிரலாமா?

இதுதான் பலரும் யோசிக்காத விஷயம். கருவிழியின் கோலம் ஒவ்வொருவருக்கும் வேறு. ஒரே ஆளின் இடது, வலது கண்ணுக்குமே வித்தியாசம் உண்டு. அதனால்தான் ஆதார் பதிவில் விரல் ரேகையோடு இரண்டு கருவிழிகளையும் பதிவு செய்கிறார்கள்.

இதற்காகவே எடுக்கப்படாத ஒரு படமும் அடையாளம் காட்டிவிடும். ஸ்டீவ் மெக்கரி 1984-ல் எடுத்து, 1985-ல் நேஷனல் ஜியோகிராஃபிக் அட்டையில் வந்த 'ஆப்கன் பெண்' ஷர்பத் குலா இதற்கு உதாரணம். 2002-ல் அவரைக் கண்டுபிடித்தபோது, பழைய படத்திலிருந்த கருவிழியையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு, 'இவர்தான் அவர்' என்று உறுதி செய்தார் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானி ஜான் டாக்மன்.

2017-ல் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் இன்னொன்றைக் காட்டியது. இன்ஃப்ராரெட் ஒளியைப் பதிவு செய்யும் கேமராவில் ஒருவரின் கண்ணைப் படமெடுத்து, பிரிண்ட் போட்டு, அதன் மேல் ஒரு கான்டாக்ட் லென்ஸை வைத்து, சாம்சங் கேலக்ஸி எஸ்8 போனின் கருவிழி பூட்டைத் திறந்தது.

அப்படியென்றால் ஒரு கண் படத்தை வைத்து ஆதாரைத் திறந்துவிடலாமா? அப்படி அர்த்தமில்லை. ஆதார் கருவிகள் இன்ஃப்ராரெட் ஒளியில் கருவிழியைப் பதிவு செய்கின்றன. நம் கேமராவின் வண்ணப் படம் வேறு வகை. ஆனால் பாஸ்வேர்டு வெளியே போனால் புதிதாக மாற்றிக்கொள்ளலாம், கருவிழிக்கு அந்த வசதி இல்லை.

அதனால் என்ன செய்யலாம்? படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள், பகிரும் முன் இன்னொரு முறை கேளுங்கள். முழு அளவு ஃபைலைப் பொதுவில் போடாமல், அளவைக் குறைத்துப் போடுங்கள். படத்தோடு பெயரைச் சேர்க்காதீர்கள், அவரை டேக் செய்யாதீர்கள். ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டால், ஃபைலை எவ்வளவு நாள் வைத்திருப்பார்கள், வேறு எதற்கும் பயன்படுத்துவார்களா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆதார் வைத்திருப்பவர்கள், தேவையில்லாத நேரங்களில் பயோமெட்ரிக் லாக் வசதியைப் பயன்படுத்தலாம்.